மாசியில் போட்ட வளையல்

மகள் உண்டாகியிருக்கும் செய்தி எனக்கு நான்காம் மாதத்தில்தான் வந்தது. மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். பெற்ற தாய்க்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவளுக்கு முதல் வாரமே தெரிந்துவிடும், அவள் வழியாகத் தகப்பனுக்கும் கசிந்துவிடும். என் மனைவி அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டாள். அதனால் சம்பந்தி அம்மாள்தான் போன் செய்தார்.

"அண்ணே, தாத்தா ஆவப் போறீங்க. வெறுங்கையோட வராதீங்க, இனிப்பு வாங்கியாங்க."

"எத்தினி மாசம்மா?"

"மூணு முடிஞ்சிது. அதான் இப்ப சொல்றன்."

இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். மகள் உள்ளே இருந்து வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "வாந்தி எடுக்கிறியாம்மா?" என்று கேட்டேன். "இப்ப பரவால்லப்பா" என்றாள். அதற்கு மேல் ஒரு தகப்பன் எல்லார் முன்னாலும் கேட்பதற்கு என்ன இருக்கிறது? காப்பி குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

நான் மின்துறையில் மீட்டர் ரீடிங் எடுப்பவன். வில்லியனூரைச் சுற்றியுள்ள கிராமங்கள்தான் என் பகுதி. அங்கே நான் நுழையாத வீடு இல்லை, என்னைத் தெரியாத ஆளும் இல்லை. பகலில் யாராவது ஒருவர் "கரண்ட்டு சார், தண்ணி குடிக்கிறீங்களா?" என்பார்கள். மனைவி போன பிறகு அந்தத் தண்ணீருக்காகவே சில வீடுகளில் கொஞ்சம் கூடுதலாக நின்றிருக்கிறேன். சாயங்காலம் சொந்த வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் அன்றைக்கு முழுக்க நான் யாருடனும் எதுவும் பேசவில்லை என்பது தெரியும்.

மகளைக் கொடுத்தது திருக்கனூரைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குள் ஒரு ஊரில். எங்கள் ஊர்களில் எல்லையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஒரே சாலைதான். பிராந்திக் கடைகள் முடிகிற இடத்தில் தமிழ்நாடு ஆரம்பிக்கும். பெண் எடுப்பதும் கொடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கும். ரேஷன், ஆதார், ஆஸ்பத்திரி என்று வரும்போதுதான் அது எல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு போனில் பேசுவேன்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா. நீ?"

"ஆச்சு. டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன்பா."

"இன்னா சொன்னாங்க?"

"நல்லா இருக்குதாம்."

அதோடு பேச்சு தீர்ந்துவிடும். அவள் அம்மா இருந்திருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பாள். என்ன சாப்பிட்டாய், எங்கே வலிக்கிறது, ரத்தம் எடுத்தார்களா, எதற்கெல்லாம் எடுத்தார்கள் என்று குடைந்திருப்பாள். எனக்கு அந்தக் கேள்விகளே தெரியவில்லை. "சரிம்மா, உடம்ப பாத்துக்கோ" என்று வைத்துவிடுவேன்.

ஐந்தாம் மாதம் என்று நினைக்கிறேன். எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் மீட்டர் பார்க்கப் போயிருந்தேன். அங்கிருக்கும் நர்ஸ் என்னைவிடப் பத்து வயது இளையவர், யாரையும் கிண்டல் செய்யாமல் விடமாட்டார்.

"இன்னா சார், பொண்ணு முழுவாம இருக்குதாமே. எங்களுக்கெல்லாம் சொல்ல மாட்டீங்களா? சரி, ரத்தம்லாம் பாத்தாச்சா? ஹீமோகுளோபின், சக்கரை, எச்.ஐ.வி., மஞ்சக்காமாலை?"

அந்த மூன்றாவது சொல்லை அவர் சக்கரையைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். எனக்குத்தான் காது சுட்டது. வெளியே மருந்து வாங்க இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவ தமிழ்நாட்டுப் பக்கம்மா. அங்க பாத்திருப்பாங்க."

"பாத்தாங்களான்னு கேட்டீங்களா?"

"தலைப்பிரசவம் இங்கதான். வளையல் போட்டு கூட்டியாந்ததும் நேரா உங்ககிட்டதான் வருவா."

"வளையலுக்கு முன்ன ஒரு நாள் வந்துட்டு போனா இன்னா? ஊசி குத்தறதுக்கு வளையலா தடுக்குது? சீக்கிரம் பாத்துட்டா நல்லது சார், எல்லாருக்கும் பாக்குறதுதான்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். சும்மா சொல்லவில்லை, அன்று சாயங்காலமே கரியமாணிக்கத்தில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் செய்தேன். பெண் இல்லாத வீட்டில் பிரசவம் பார்க்க வரப் போகிறவள் அவள்தான். ஒரு நாள் மட்டும் மகளை அழைத்துவந்து பரிசோதனை செய்துவிட்டுத் திருப்பி அனுப்பலாமா என்று கேட்டேன்.

"உனக்கு புத்தி கித்தி இருக்குதாடா? பொம்பள இல்லாத வூட்டுக்கு, வளையல் போடாம, புள்ளத்தாச்சிய கூட்டியாறதா? அவங்க வூட்ல இன்னா நெனைப்பாங்க? சண்ட போட்டுகினு வந்துட்டான்னு ஊரே பேசும்."

"ஒரு நாளுக்குதான் கா."

"ஏழாம் மாசம் போட்டு முறையா கூட்டியாரலாம். அதுவரைக்கும் அது அவங்க பொறுப்பு."

பிறகு அவளே விரல்விட்டு எண்ணினாள். ஏழாம் மாதம் மார்கழியில் வந்தது. மார்கழியில் நல்ல காரியம் செய்வதில்லை. எட்டு இரட்டைப்படை, அதுவும் ஆகாது. ஒன்பதாம் மாதம்தான் சரி, மாசியில் நல்ல நாள் நிறைய இருக்கிறது என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என் கல்யாணம், மகளின் காதுகுத்து, எல்லாம் இப்படி எண்ணித்தான் நடந்தன.

மனம் கேட்காமல் சம்பந்தி அம்மாளுக்கும் ஒரு போன் போட்டேன். அந்த நோயின் பெயரை ஒரு சம்பந்தி வீட்டுப் பெண்மணியிடம் எப்படிச் சொல்வது? "எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சாம்மா?" என்று கேட்டேன்.

"திருக்கனூர்ல ஸ்கேன் பாத்து, ரத்தமும் பாத்தாச்சிண்ணே. ரத்தம் கம்மியாம். பேரீச்சம்பழம் வாங்கிப் போட்டிருக்கேன், உங்க பொண்ணுதான் துப்புது."

சிரித்துவிட்டு வைத்தேன். அன்று நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்தப் பக்கம் நடந்ததை மகள் எனக்குப் பிற்பாடுதான் சொன்னாள். அந்த ஊர் நர்ஸும் வீட்டுக்கு வந்து கூப்பிட்டிருக்கிறார். "தலைப்பிரசவம் அவங்க அப்பா வூட்டுல, பாண்டிச்சேரி பக்கம். அங்க எல்லாம் பாத்துக்குவாங்க" என்று மாமியார் அனுப்பிவிட்டிருக்கிறார். தனியார் லேபில் ரத்தம் எடுத்த பெண், எச்.ஐ.வி.யும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் எங்க வூட்டுல யாருக்கும் கெடையாதும்மா, நாங்க கௌரவமா இருக்கிறவங்க" என்று பதில் வந்தது. என் மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். படித்தவள். கல்லூரியில் இதைப் பற்றிப் பாடமே இருந்தது. ஆனால் கல்யாணமாகி ஓர் ஆண்டுகூட முடியாத பெண், மாமியார் முன்னால் "எனக்கு எடுங்க" என்று எப்படிச் சொல்வாள்? சொன்னால் புருஷனைச் சந்தேகப்படுகிறாள் என்று ஆகும், இல்லை அவளிடமே ஏதோ இருக்கிறது என்று ஆகும். பேசாமல் கையை நீட்டியிருக்கிறாள். சக்கரைக்கும் ரத்த அளவுக்கும் மட்டும் எடுத்தார்கள்.

மாசியில் வளையல் போட்டோம். நல்ல கூட்டம். அக்காதான் முன்னின்று செய்தாள். ஐந்து வகை சாதம், தட்டு தட்டாகப் பழம். மகள் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு வேனில் ஏறினாள். வழியெல்லாம் வளையல் சத்தம். வீட்டுக்கு ஒரு பெண் குரல் வந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு மகிழ்ச்சி. அக்காவும் துணி மூட்டையோடு வந்து தங்கினாள்.

அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். ஒன்பதாம் மாதத்தில் முதல் தடவையாக வருகிறாளா என்று அங்கே கடிந்துகொண்டார்கள். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். வளையலைத் தள்ளிவிட்டு இன்னொரு தடவை கையில் ஊசி போட்டு எடுத்தார்கள். ஆண்கள் வெளியே இருக்க வேண்டும் என்றார்கள். மரத்தடியில் பைக்கைச் சாய்த்துவிட்டு நின்றேன்.

உள்ளே இருந்த மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக வெளியேறிப் போனார்கள். என் மகள் வரவில்லை. ஒரு நர்ஸ் வெளியே வந்து, என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போனார். ரொம்ப நேரம் கழித்து மகள் கதவருகே வந்து நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"அப்பா, உள்ள வா. அவங்க சொல்லுவாங்க. என்னால சொல்ல முடியாது."

ஆலோசனை அறையில் ஓர் அம்மா இருந்தார். முதலில் என் மகளைப் பார்த்து, "அப்பாகிட்ட சொல்லலாமாம்மா?" என்று மறுபடியும் கேட்டார். அவள் தலையாட்டினாள். பிறகு என்னிடம் சொன்னார். மகளுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, ஒன்றுக்கு மேற்பட்ட முறையில் பார்த்து உறுதி செய்துவிட்டோம் என்று. அதற்குப் பிறகு அவர் சொன்னவற்றில் பாதி எனக்குக் கேட்கவில்லை. மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி இருந்தது. அதன் தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, கேக்குறீங்களா? இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கணும். நாலாம் மாசத்துல வந்திருந்தா இவ்ளோ பதட்டம் இல்ல. மாத்திரை ரத்தத்துல கிருமிய அடக்குறதுக்கு நாளாகும். புள்ள பொறக்கறதுக்கு முன்ன எவ்ளோ அடங்குதோ, அவ்ளோக்கு புள்ளைக்கு பாதுகாப்பு."

"புள்ளைக்கு வந்துடுமா?"

"வராம பாத்துக்கறதுக்குத்தான் ஐயா அவசரப்படுறோம். பொறந்ததும் புள்ளைக்கும் சொட்டு மருந்து தருவோம். ஆனா இப்பயே வராதுன்னு சொல்லமாட்டேன். புள்ளைக்கு ஒண்ணரை வயசு ஆகுறப்போ கடைசியா ஒரு டெஸ்ட். அப்பதான் முடிவா சொல்ல முடியும்."

அப்போது கதவைத் திறந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். எங்கள் தெருக்காரர், அங்கே வேலை செய்பவர். "கரண்ட்டு சார், நீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனார். இந்த இடம் வேண்டாம், டவுனில் யாருக்கும் நம்மைத் தெரியாத பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம், இரண்டு நாள் கழித்து லீவு போட்டுவிட்டுப் போகலாம் என்று எழுந்துவிட்டேன். அந்த அம்மாவிடமும் அதைச் சொன்னேன்.

"தாராளமா போங்க, அங்கயும் இதே மாத்திரதான். ஆனா ரெண்டு நாளு போயிடும்" என்றார்.

மகள் எழுந்திருக்கவில்லை. "அப்பா, ஒக்காரு" என்றாள். "யாரு பாத்தா பாத்துட்டு போறாங்க. நான் இங்கயே சாப்பிடறேன்." அந்த அறையிலேயே தண்ணீர் கேட்டு முதல் மாத்திரையை விழுங்கினாள். அவளுக்கு இருபத்துமூன்று வயது. அதுவரை அவளுக்காக நான்தான் எல்லாவற்றையும் முடிவு செய்துகொண்டிருந்தேன்.

மருமகனை வரச் சொன்னேன். என்னவென்று போனில் சொல்லவில்லை. அவர் வந்தார், அவருக்கும் பார்த்தார்கள், அவருக்கும் இருந்தது. வெளியே வந்து என் பைக் பக்கத்தில் நின்றார். அடிக்க வேண்டும்போல இருந்தது எனக்கு. அவர் கீழே பார்த்துக்கொண்டே, "எனக்கே தெரியாது மாமா. சத்தியமா தெரியாது. ஒரு தடவகூட ரத்தம் பாத்ததில்ல" என்றார். நெஞ்சு குலுங்கிக் குலுங்கி அழுதார். எங்கிருந்து, எப்போது என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்வது? "ரெண்டு பேரும் மாத்திரைய வுடாதீங்க" என்றேன். தன் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். நாங்களும் யாரிடமும் சொல்வதாக இல்லை. இந்த எழுத்தில் யார் பெயரும் இல்லாததும் அதனால்தான்.

வீட்டில் அக்கா இருந்தாள். அவளிடம்கூடச் சொல்லவில்லை. மூன்று பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்று. மகள் மாத்திரை சாப்பிடும் நேரத்தில் நான் அக்காவைக் கடைக்கு அனுப்புவேன். "இன்னாடா தினம் இந்த நேரத்துக்கே உனக்கு வெத்தல பாக்கு கேக்குது?" என்பாள். எனக்கு வெற்றிலை பழக்கமே இல்லை. அந்த வாரங்களில் கற்றுக்கொண்டேன்.

பங்குனியில் பேத்தி பிறந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில்தான். பிறந்தவுடன் மருந்து கொடுத்தார்கள். தினம் கொடுக்க இரண்டு சீசா மருந்தும் கொடுத்தார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூடக் கூடாது, வேறு எது உள்ளே போனாலும் குழந்தையின் குடலில் லேசாகப் புண்ணாகி அது வழியாகக் கிருமி ஏறலாம் என்று மகளை உட்காரவைத்து டாக்டர் சொன்னார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அக்கா குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு உரைகல்லை எடுத்தாள். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் எல்லாம் வேகவைத்துக் காயவைத்து ஊரிலிருந்தே கொண்டு வந்திருந்தாள். என்னையும் என் மகளையும் அந்தக் கல்லில் உரைத்த மருந்தைக் கொடுத்துத்தான் வளர்த்திருக்கிறாள். தாய்ப்பாலில் குழைத்து, விரலில் தொட்டு, குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். மகள் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, வேணாம்" என்றேன்.

"இன்னா வேணாம்?"

"டாக்டர் எதையும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. அதுங்க புள்ளைக்கு அதுங்க அம்மா உரைச்சுத்தான் ஊத்தியிருப்பாங்க. நீ போ, ஆம்பளைக்கு இங்க இன்னா வேல?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள். அந்தக் கையை நான் அதுவரை பிடித்துத் தடுத்ததில்லை. கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது, உரைகல் கீழே விழுந்தது. குழந்தை வீறிட்டது.

"ரெண்டு சீசா மருந்து ஊத்துறீங்க, அது இன்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறீங்க. நான் தொட்ட மருந்துதான் விஷமா?" என்றாள்.

காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் புரிந்துகொண்டிருப்பாள், இல்லை மறுநாள் கரியமாணிக்கம் முழுவதும் தெரிந்திருக்கும். எது நடந்திருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கீழே கிடந்த உரைகல்லை எடுத்து ஓரமாக வைத்தேன். அவள் துணிகளை மூட்டை கட்டினாள். பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே போனேன். "அவ அம்மா இருந்திருந்தா எனக்கு இந்த மரியாதை நடந்திருக்காது" என்று சொல்லிவிட்டு ஏறினாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மகளும் நானும்தான். குழந்தையைக் குளிப்பாட்டக் காலை நீட்டி உட்கார்ந்தேன். இந்த வயதில் ஓர் ஆண் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்து மகள் முதல் தடவையாகச் சிரித்தாள். சமைக்கக் கற்றுக்கொண்டேன். மருமகன் ஞாயிறுதோறும் வந்து போனார். சம்பந்தி அம்மாள் கொஞ்ச நாளில் பேத்தியை அனுப்பச் சொல்லிக் கேட்டார். குழந்தைக்குச் சளி, மகளுக்கு முதுகுவலி என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தள்ளினேன். நல்ல மனுஷி. நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்து, ஏன் என்று தெரியாமல் வருத்தப்பட்டார்.

குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தச் சொட்டு எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முதல் முடிவு நல்லபடியாக வந்தது. ஆறு மாதத்தில் மறுபடி. அதுவும் நல்லபடி. ஒவ்வொரு தடவையும், "இது போதாது, கடைசி வரை பாக்கணும்" என்றுதான் அனுப்பினார்கள். இடையில் ஒரு காய்ச்சல் வந்தாலும் ராத்திரி முழுக்க நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேலைக்குப் போகிற வீடுகளில் யார் வீட்டுக் குழந்தை இருமினாலும் நின்று கேட்பேன். மீட்டரில் எண்ணைப் பார்த்துவிட்டு, பதிவு செய்வதற்குள் மறந்துபோய் மறுபடி பார்ப்பேன். "இன்னா சார், பேத்தி தூங்க விடலியா?" என்பார்கள். ஆமாம் என்பேன்.

குழந்தை நடக்க ஆரம்பித்தது. என் ஹெல்மெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கத்தும். அதைத் தூக்கும்போதெல்லாம் ஒரு பகுதி மனம் விலகி நின்றது. ரொம்ப ஆசை வைக்காதே என்று யாரோ சொல்வதுபோல.

கடைசிப் பரிசோதனைக்கு மூன்று பேரும் போனோம். மருமகனும் வந்திருந்தார். அதே ஆலோசனை அறை. இந்தத் தடவை யாரும் என்னை வெளியே நிற்கச் சொல்லவில்லை. அந்த அம்மா தாளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், சிரித்தார்.

"இனிமே இந்த அம்மணிக்கு இங்க வேல கெடையாது. கிருமி இல்ல, சுத்தமா இல்ல. நீங்க ரெண்டு பேரு மட்டும் மாத்திர வாங்க வந்தா போதும்."

மகள் குழந்தையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மருமகன் அவள் தோளில் கை வைத்தார். அவள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. வில்லியனூரில் வாடகைக்கு வீடு பார்த்திருப்பதாக அவர் சொன்னார். அவர்கள் மூன்று பேரும் ஒரு குடும்பமாக அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வெளியே வந்தேன்.

சாலையில் நின்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரிடம் சொல்வது? பயந்தது யாருக்கும் தெரியாது என்றால் பிழைத்ததை எப்படிச் சொல்வது? டீக்கடைக்காரர் கையசைத்தார். நானும் கையசைத்தேன். பிறகு அக்காவுக்குப் போன் செய்தேன். கல்யாணம், கருமாதியில் பார்த்தால் இரண்டு வார்த்தை, அவ்வளவுதான் எங்களுக்குள் மிச்சம் இருந்தது.

"அக்கா, புள்ள நல்லா இருக்கா."

"நல்லாதான இருந்துது? ஒடம்பு கிடம்பு முடியலியா?"

"இல்ல. நல்லா இருக்கான்னு சொல்லத்தான் போன் பண்ணேன்."

"இத சொல்றதுக்கா? நான் இன்னாவோ ஏதோன்னு பயந்துட்டேன். வேலைக்கு போவலியா நீ?"

"போவணும்."

"குடிச்சிருக்கியாடா?"

"இல்லக்கா."

"பின்ன ஏன் கொரலு அப்படி இருக்குது?"

"வெயிலுக்கா."

அந்தப் பக்கம் கோழியை விரட்டும் சத்தம் கேட்டது.

"சரி, வை. அடுப்புல கொழம்பு கெடக்குது" என்று வைத்துவிட்டாள்.

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தச் சாலையில் என்னைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். நான் யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாக நினைத்துப் போகட்டும் என்று, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, "ம்... ம்..." என்று சொல்லியபடி நின்றுகொண்டிருந்தேன்.